எலும்பில் பரவும் புற்றுநோயும் கூட்டாய்வுக்கான நிதியும்

மார்பகத்திலோ புராஸ்டேட்டிலோ தோன்றிய புற்றுநோய் பிற உறுப்புகளுக்குப் பரவிய பின் அதை முற்றிலும் நீக்குவது பெரும்பாலும் இயலாது. ஆயினும் பலர் அந்நோயுடன் ஆண்டுக்கணக்கில் வாழ்கிறார்கள். அந்த ஆண்டுகளில் வலியின்றி நடக்கவும் உறங்கவும் அவர்களுக்கு வழி காண்பது, கட்டியைச் சுருக்கும் மருந்தைத் தேடுவதற்கு எவ்வகையிலும் குறைந்த ஆராய்ச்சி அன்று. அதற்கு ஒரு துறையின் அறிவு மட்டும் போதாது.

எலும்பையே எடுத்துக்கொள்வோம். 1889இல் ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை ஆராய்ந்து, புற்றுச் செல்கள் விதை என்றால் அவை முளைக்க ஏற்ற மண்ணும் வேண்டும் என்று விளக்கினார். எலும்பு அத்தகைய மண்ணாக அமைவது எப்படி என்பது மிகப் பிந்தியே தெளிவாயிற்று. அங்கு சேர்ந்த புற்றுச் செல்கள் சுரக்கும் புரதங்களின் தூண்டுதலால், எலும்பைக் கட்டும் செல்கள் ராங்க்-எல் என்னும் சமிக்ஞைப் புரதத்தைக் கூடுதலாக வெளியிடுகின்றன. அச்சமிக்ஞை எலும்பைக் கரைக்கும் செல்களை முடுக்கிவிடுகிறது. கரையும் எலும்பிலிருந்து விடுபடும் வளர்ச்சிக் காரணிகள் மீண்டும் புற்றுச் செல்களையே வளர்க்கின்றன. இந்தச் சுழற்சியே வலிக்கும் முறிவுக்கும் ஒரு முக்கியக் காரணம். ராங்க்-எல்லைப் பற்றிக்கொண்டு சுழற்சியைத் தடுக்கும் டெனோசுமாப் என்னும் எதிர்ப்புரதம், எலும்பியல் அறிஞர்களும் நோயெதிர்ப்பியல் அறிஞர்களும் தனித்தனியே தொடங்கிய தேடல்கள் ஓரிடத்தில் சந்தித்ததால் பிறந்தது. இம்மருந்து சிலருக்குத் தாடை எலும்பைச் சிதைக்கக்கூடும் என்பதால், பல் மருத்துவரும் குழுவில் இருந்தாக வேண்டும்.

எலும்பைக் காக்கும் மற்றொரு மருந்தான சோலெட்ரானிக் அமிலத்தை நான்கு வாரங்களுக்கு ஒருமுறை தருவதே வழக்கமாக இருந்தது. 2017இல் வெளியான, 1822 பேர் பங்கேற்ற ஆய்வு, பன்னிரண்டு வாரங்களுக்கு ஒருமுறை தந்தாலும் எலும்பு முறிவு போன்ற சிக்கல்கள் கூடுவதில்லை என்று காட்டியது. இதற்கு அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் நிதியளித்தது. மருந்தைக் குறைத்துத் தரலாமா என்னும் கேள்வியால் அதை விற்பவருக்கு ஆதாயமில்லை. ஆகவே இத்தகைய கேள்விகளுக்குப் பொதுநிதியே முதன்மையான துணை என்பது என் உறுதியான கருத்து.

அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வில், புற்றுநோய் பரவிய 766 பேரில் ஒரு பிரிவினர் வலி, குமட்டல், மூச்சுத்திணறல் போன்ற தொல்லைகளைக் கணினி வழியே தாமே பதிவு செய்தனர்; தொல்லை கடுமையானால் உடனே செவிலியருக்குத் தகவல் சென்றது. அவர்களின் இடைநிலை ஆயுட்காலம், அதாவது ஆய்வில் சேர்ந்த பின் பாதிப் பேராவது உயிருடன் இருந்த காலம், 31.2 மாதங்கள், வழக்கமான கவனிப்பைப் பெற்றவர்களுக்கு 26 மாதங்கள். இதில் புதிய மருந்து எதுவும் இல்லை.

இத்தகைய ஆய்வுகளுக்கு நிதி ஒதுக்குவோர், ஆய்வகக் கருவிகளுக்கு மட்டுமன்றி, தரவு திரட்டும் செவிலியருக்கும் புள்ளியியலாளருக்கும் பல ஆண்டுகள் தொடரும் ஊதியத்தையும் கணக்கிட வேண்டும். நோயாளிகளையோ, திட்டம் எழுதி முடித்த பின் ஒப்புதலுக்காக அழைக்காமல், எந்தத் தொல்லையை முதலில் ஆராய்வது என்று முடிவெடுக்கும் கட்டத்திலேயே ஊதியத்துடன் குழுவில் சேர்க்க வேண்டும்.