பிளேட்டிங் போய் வந்த போல்ட்டில் நட் ஏன் ஏறுவதில்லை?

கோவையில் கணபதியிலோ பீளமேட்டிலோ ஒரு லேத் பட்டறையில் எம்10 (10 மி.மீ. விட்டம்) போல்ட்டில் மரை போட்டு நட்டை விட்டால், வழுக்கிக்கொண்டு போகும். அதே போல்ட் ஜிங்க் பிளேட்டிங் (துரு பிடிக்காமலிருக்கத் துத்தநாகப் பூச்சு) முடிந்து வந்தால் இரண்டு சுற்றில் இறுகி நிற்கும். பழி பிளேட்டிங்காரர் தலையில் விழும். டிராயிங்கில் மரையின் அளவு வரம்பாக ‘6ஜி’ என்று இருப்பதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அதில் எண், அளவு எவ்வளவு முன்பின் போகலாம் என்பதைச் சொல்கிறது; எண் குறைந்தால் கெடுபிடி அதிகம். எழுத்து, அந்த வரம்பு அடிப்படை அளவிலிருந்து எவ்வளவு தள்ளித் தொடங்குகிறது என்பது. போல்ட்டுக்குச் சின்ன எழுத்து, நட்டுக்குப் பெரிய எழுத்து. ‘எச்’ என்றால் இடைவெளி பூஜ்ஜியம்.

1.5 மி.மீ. பிட்ச் (அடுத்தடுத்த மரைகளின் இடைவெளி) உள்ள எம்10-க்கு அடிப்படை பிட்ச் விட்டம், அதாவது மரைச் சரிவின் நடுவில் எடுக்கும் விட்டம், 9.026 மி.மீ. 6எச் நட் 9.026 முதல் 9.206 வரை இருக்கலாம். 6ஜி போல்ட் 8.862 முதல் 8.994 வரை. ஆக, மிகத் தடித்த போல்ட்டுக்கும் மிக இறுக்கமான நட்டுக்கும் நடுவே 32 மைக்ரான் (0.032 மி.மீ.) மிச்சம். பிளேட்டிங்குக்கான இடம் அதுதான்.

இங்கேதான் கணக்கு ஏமாற்றும். மரையின் சரிவு 60 டிகிரி கோணத்தில் இருப்பதால், பூச்சு தடிமனைப்போல் நான்கு மடங்கு பிட்ச் விட்டம் கூடுகிறது. 8 மைக்ரான் பூசினால் 32 மைக்ரானும் தீர்ந்தது. 12 பூசினால் 48. தடித்த போல்ட் நட்டில் ஏறாது. அதற்கு மேல் பூச்சு வேண்டுமென்றால் 6இ கேளுங்கள்: இதே பிட்ச்சுக்கு 67 மைக்ரான் கிடைக்கும்.

வெர்னியரை நம்பவேண்டாம். அது மரையின் உச்சியை மட்டும் அளக்கும், உரசுவது சரிவு. மரைக்குள் கம்பிகளை வைத்து அளக்கும் மூன்று கம்பி முறையோ, போல்ட்டில் மாட்டிப் பார்க்கும் ரிங் கேஜோ வேண்டும். ரிங் கேஜில் ‘கோ’ ஏற வேண்டியது, ‘நோ-கோ’ ஏறக் கூடாதது. நோ-கோ இரண்டு சுற்றுக்கு மேல் ஏறினால் போல்ட் கழிவு. பிளேட்டிங்குக்கு முன் 6ஜி கோ கேஜ், பின் 6எச் (சின்ன எழுத்து) கோ கேஜ். பூசிய பிறகும் 6ஜி கேஜையே மாட்டி நல்ல போல்ட்டைத் தள்ளிவிடும் இடங்களும் உண்டு.

உருக்கிய துத்தநாகத்தில் முக்கிக் கால்வனைஸ் செய்த போல்ட் வேறு கதை. 50 மைக்ரான் துத்தநாகம் என்றால் 200 மைக்ரான் கூடும். 6ஜி, 6இ இரண்டும் தாங்காது. அங்கே பெரும்பாலும் நட்டைத்தான் பெரிதாக டேப் அடிக்கிறார்கள் (உள்மரை போடுகிறார்கள்). அந்த நட் சாதா போல்ட்டில் கொளகொளவென்று ஆடும், முறுக்கினால் மரை உரிந்துவிடும். தனி டப்பாவில் வையுங்கள்.