காது பாடும் மூன்றாவது சுரம்

“பிறந்த மறுநாளே காது டெஸ்ட் எடுத்தார்கள். சீட்டில் வலது காது பாஸ், இடது காது ரெஃபர் என்று போட்டிருக்கிறது. ஆனால் தட்டைத் தட்டினால் பிள்ளை திடுக்கிடுகிறான். திரும்பவும் போகத்தான் வேண்டுமா?” கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

அவசியம் போக வேண்டும். தட்டுச் சத்தத்துக்குத் திடுக்கிட ஒரு காதே போதும். ரெஃபர் என்றால் செவிடு என்று பயப்படவும் வேண்டாம். அந்தக் காதிலிருந்து வர வேண்டிய ஒலி கருவிக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். காதிலிருந்து ஒலி வருமா? வரும். உங்கள் பிள்ளைக்கு எடுத்த ஓ.ஏ.இ. பரிசோதனையின் அடிப்படையே அதுதான்.

செவிப்பறை, மூன்று குட்டி எலும்புகள், நத்தை எலும்பு வரை பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். நத்தை எலும்புக்குள் இரண்டு வகை மயிர்ச் செல்கள் உண்டு. உள்வரிசையில் சுமார் 3,500. கேட்டதை மூளைக்குச் சொல்பவை இவை. வெளியே மூன்று வரிசைகளில் சுமார் 12,000. இவை மூளைக்குச் சேதி சொல்வது சொற்பம். இவற்றின் வேலை தள்ளுவது. ஊஞ்சல் நம்மிடம் வந்து திரும்பும் நொடியில் லேசாகத் தள்ளினால் ஆட்டம் பெருகும் அல்லவா? ஒலி வந்து சவ்வை அசைக்கும்போது வெளி மயிர்ச் செல்கள் அதே தாளத்தில் சுருங்கி நீண்டு அந்த அசைவைப் பெருக்குகின்றன. நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை! இதைச் செய்யும் புரதத்தை 2000-இல் கண்டுபிடித்தார்கள். இசையில் வேகநடையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிரெஸ்டின் என்று பெயர் வைத்தார்கள்.

காதுக்குள் இப்படி ஒரு பெருக்கி இருக்க வேண்டும் என்று விஞ்ஞானி தாமஸ் கோல்டு 1948-லேயே சொன்னார், கேட்பாரில்லை. காது ஆராய்ச்சிக்காக 1961-இல் நோபல் வாங்கிய பெகேஷி ஆராய்ந்தவை பெரும்பாலும் இறந்தவர்களின் காதுகள். உயிர் போன காதில் தள்ளும் கை இருக்காது. 1978-இல்தான் டேவிட் கெம்ப் உயிருள்ள மனிதக் காதில் மைக் வைத்து, காது திருப்பி அனுப்பும் ஒலியைப் பதிவு செய்து காட்டினார்.

இந்தச் செல்கள் கணக்குப் பார்த்துத் தள்ளுவதில்லை. மெல்லிய ஒலிக்கு நிறையத் தள்ளும், பலத்த ஒலிக்கு அந்த விகிதத்தில் தள்ளாது. இந்தக் கோணல்தான் நமக்கு வாய்ப்பு. குழந்தையின் காதில் 3,280 ஹெர்ட்ஸ், 4,000 ஹெர்ட்ஸ் என்று இரண்டு சுரங்களை ஒன்றாக அனுப்புகிறார்கள். முதலாவது 65 டெசிபல், அடுத்தது 55. விகிதக் கோணலால் உள்ளே, யாரும் அனுப்பாத மூன்றாவது சுரம் பிறக்கிறது. முதல் எண்ணை இரட்டித்து இரண்டாவதைக் கழியுங்கள்: 2,560. காதில் செருகிய முனையிலிருக்கும் மைக், 2,560-இல் ஏதாவது கேட்கிறதா என்று காத்திருக்கிறது. வருவது அனுப்பியதைவிட சுமார் 50 டெசிபல் குறைவு. ஒலியழுத்தத்தில் ஏறத்தாழ முந்நூறில் ஒரு பங்கு. சுற்றியுள்ள இரைச்சலைவிட அது 6 டெசிபலாவது மேலே நின்றால் அந்தச் சுர ஜோடி தேறியது. இப்படிப் பொதுவாக நான்கு ஜோடிகளில் மூன்று தேறினால் பாஸ்.

இத்தனை மெல்லிய ஒலி கெட்டுப்போகக் காரணம் தேட வேண்டியதில்லை. பிறந்த குழந்தையின் காதுத் துளையில் வெண்ணெய் போன்ற மாவு அப்பியிருக்கும். நடுக்காதில் நீரும் இருக்கலாம். அதனால் 24 மணி நேரத்துக்குள் எடுத்தால் ரெஃபர் அதிகம். 48 மணி நேரம் கழித்து எடுப்பது மேல். மடலைக் கீழும் பின்னுமாக மெல்ல இழுத்து, முனையை இடைவெளி இல்லாமல் பொருத்த வேண்டும். குழந்தை சப்பினாலும் மூச்சு இரைந்தாலும் 1,500 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் குழம்பிவிடும். மாவு முனையின் துளையை அடைத்தால் அடுத்தடுத்து வரும் பிள்ளைகள் எல்லாம் ரெஃபர்! வரிசையாக இரண்டு மூன்று வந்தாலே, அனுபவசாலிகள் முனையைத் தங்கள் காதில் வைத்துப் பார்ப்பார்கள். உயிரில்லாத வெற்றுக் குழாயில் வைத்தால் பாஸ் வரக்கூடாது. வந்தால் கருவியில் கோளாறு.

பாஸ் என்பதும் முழு உத்தரவாதம் இல்லை. மயிர்ச் செல் நன்றாக இருந்து நரம்பு பழுதாகியிருந்தால் ஓ.ஏ.இ. கண்டுபிடிக்காது. மஞ்சள் காமாலை கடுமையாக இருந்த குழந்தைக்கும், தீவிர சிகிச்சைப் பிரிவில் 5 நாளுக்கு மேல் இருந்த குழந்தைக்கும் பெரா என்ற இன்னொரு பரிசோதனை எடுத்தே ஆக வேண்டும். தலையில் மின்முனை ஒட்டி, 35 டெசிபலில் ‘டிக் டிக்’ ஒலி கொடுத்து, மூளைத்தண்டின் பதிலை அளப்பார்கள். அந்தப் பதில் ஒரு மைக்ரோவோல்ட்டுக்கும் கீழ். 2,000 முறை கொடுத்துச் சராசரி எடுத்தால் இரைச்சல் சுமார் 45-இல் ஒரு பங்காகக் குறைந்து, அலை தெரியும்.

ஒரு மாதத்துக்குள் முதல் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் காது மெஷின். இந்தக் கெடுவைத் தவறவிட வைப்பவை “ஆம்பளைப் பிள்ளைக்குப் பேச்சு லேட்டாத்தான் வரும்” என்ற ஆறுதலும் வசம்பும்தான். காதில் விழாத சொல், எதை உரசித் தடவினாலும் நாக்கில் வராது. சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அரசுக்கும் ஒன்று: கருவி வாங்க ஒதுக்கும் பணத்தோடு, ரெஃபர் ஆன குழந்தையைத் தேடிப்பிடித்துத் திரும்ப அழைத்துவர ஓர் ஆளுக்கும் சம்பளம் ஒதுக்க வேண்டும். முதல் சீட்டோடு நின்றுபோன பரிசோதனையால் அந்தப் பிள்ளைக்கு ஒரு பயனும் இல்லை.

வாசகிக்கு: கடலூரிலேயே போனாலும் புதுச்சேரி ஜிப்மருக்குப் போனாலும் சீட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பஸ் ஆட்டத்தில் தூங்கும் பிள்ளை ஆஸ்பத்திரி வந்ததும் விழித்துக்கொள்ளும். அதனால் வழியில் முடிந்தவரை தூங்கவிடாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே போங்கள். உங்கள் முறை வரும் நேரத்தில் வயிறு நிறையப் பால் கொடுத்து, துணியில் சுற்றி அங்கேயே தூங்க வையுங்கள். அறையில் ஃபேன் ஓடினால் நிறுத்தச் சொல்லுங்கள்.