தடுப்பூசி போட்டால் கண் போகுமா?

"ஊசி போட்டதுலேர்ந்து ஒரு கண்ணு மங்கலாத்தான் தெரியுது." காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கண் பரிசோதனைக்கு வரும் பெரியவர்கள் கோவிட் தடுப்பூசியைப் பற்றி இன்றும் இப்படிச் சொல்கிறார்கள். இதைத் தட்டிக்கழிக்கவும் கூடாது, சோதிக்காமல் ஒப்புக்கொள்ளவும் கூடாது. சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்த்தால், பெரும்பாலும் தெரிவது கண்புரை, சர்க்கரையால் வந்த சேதம், அல்லது விழித்திரைச் சிரை அடைப்பு (விழித்திரையிலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் குழாய் அடைபடுவது).

அதிகம் பேசப்படுவது இந்த அடைப்புதான். வலியே இருக்காது, திடீரென்று ஒரு கண் மங்கிவிடும். ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, கண் நீர் அழுத்தம், முதுமை ஆகியவை இதன் முக்கியக் காரணங்கள். கோவிட் தடுப்பூசிக்குப் பிறகு இது கூடுகிறதா என்று வெளிநாடுகளில் ஏராளமானோரின் மருத்துவப் பதிவுகளை வைத்துப் பார்த்தார்கள். கூடுகிறது என்றது ஓர் ஆய்வு. வேறு ஆய்வுகளில் அப்படித் தெரியவில்லை. தொடர்பே கிடையாது என்று அடித்துச் சொல்ல மாட்டோம். ஆனால், விட்டு விட்டுப் போடும் பிரஷர் மாத்திரை இதைவிடப் பெரிய ஆபத்து என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை.

பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, பெரிய வீட்டில் ஆச்சியும் ஐயாவும் மட்டும் இருப்பது இங்கே சகஜம். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது ஒரு கண்ணின் குறையை மற்றது ஈடுகட்டிவிடும். ஊசி போட்ட பிறகு உடம்பைக் கவனிக்கும்போதுதான் பல மாதக் குறை வெளியே தெரியவரும். அதனால் வாரம் ஒருமுறை, கண்ணாடி போடுபவர் போட்டுக்கொண்டே, ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடி, தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் நேர்கோடுகளைப் பாருங்கள். பிறகு மற்றக் கண்ணால். கோடு வளைந்தாலோ, நடுவில் அழிந்தது போலிருந்தாலோ, அந்த வாரமே விழித்திரை மருத்துவரிடம் போக வேண்டும். பார்வை சட்டென்று போனால் சில மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. மதுரைக்கும் திருச்சிக்கும் இங்கிருந்து ஏறத்தாழ 90 கி.மீ.; மறுநாள் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம்.

தடுப்பூசியை ஒட்டி வரும் கண் கோளாறுகளும் உண்டு, ஆனால் அரிது. சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் கண் சிவந்து, உள்ளே வலித்து, வெளிச்சம் பார்த்தால் கூசினால் அது யுவைட்டிஸ் என்னும் உள் அழற்சியாக இருக்கலாம். உரிய நேரத்தில் ஸ்டீராய்டு சொட்டு மருந்து போட்டுப் படிப்படியாகக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். மருந்துக் கடையில் "கண் சிவப்புக்கு" என்று கேட்டு வாங்கிப் போடுவதுதான் வினை. அதில் ஸ்டீராய்டு இருந்து, கண்ணில் வைரஸ் புண்ணும் இருந்தால் கருவிழி குழிந்துபோகும். மாதக்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் ஏறும், புரை வரும். கருவிழி மாற்று அறுவை செய்தவர்கள் தடுப்பூசிக்கு முன்பே கண் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சொட்டு மருந்தின் அளவைக் கொஞ்ச நாள் கூட்டச் சொல்லலாம். ஊசியைத் தள்ளிப்போட வேண்டி வருவது அபூர்வம்.

வளரிளம் பிள்ளைகளுக்கு ஊசி போட்டதும் கண் இருட்டுவது மயக்கம்தான். உட்காரவைத்தே போட்டு, 15 நிமிடம் உட்கார்ந்திருக்கச் செய்தால் விழுந்து அடிபடாது.

தடுப்பூசி போடாததால் போகும் கண்களைப் பற்றித்தான் எங்களுக்கு உண்மையான கவலை. தட்டம்மை கருவிழியைப் புண்ணாக்கும். உடம்பில் இருக்கும் வைட்டமின் ஏ-யையும் தீர்த்துவிடும். சத்துக் குறைந்த குழந்தைக்குச் சில நாளில் கருவிழி கரைந்துவிடலாம். அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை கட்டுங்கள், முத்துமாரியம்மனுக்கு வேண்டிக்கொள்ளுங்கள்; அதில் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் கண்ணில் தாய்ப்பாலோ இலைச்சாறோ விடாதீர்கள். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். தட்டம்மை கண்ட குழந்தைக்கு அடுத்தடுத்து இரண்டு நாள் வைட்டமின் ஏ கொடுக்க வேண்டும்: 6 முதல் 11 மாதம் வரை 1 லட்சம் யூனிட், ஒரு வயதுக்கு மேல் 2 லட்சம். கண்ணில் பாதிப்பு தெரிந்தால் 4 முதல் 6 வாரம் கழித்து மூன்றாவது தவணையும் உண்டு.

ரூபெல்லா என்னும் வைரஸ் நோய் தாய்க்கு லேசான காய்ச்சலாக வந்து போய்விடும். வயிற்றுப் பிள்ளைக்குப் பிறவிப் புரையையும் காது கேளாமையையும் இதயக் கோளாறையும் விட்டுச்செல்லும். இதை 1941-இல் முதலில் கண்டு சொன்னவர் நார்மன் கிரெக் என்ற ஆஸ்திரேலியக் கண் மருத்துவர். 2017-இல் தமிழகத்தில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் நடந்தபோது வாட்ஸ்அப் வதந்தியை நம்பிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோர் இருந்தார்கள். இந்த ஊசி 9 முதல் 12 மாதத்தில் ஒன்று, 16 முதல் 24 மாதத்தில் இன்னொன்று. முதல் ஊசியோடு வைட்டமின் ஏ 1 மில்லி, பிறகு ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 மில்லி. கர்ப்பிணிகளுக்கு இந்த ஊசியைப் போடக் கூடாது; போட்டுக்கொண்ட பெண் ஒரு மாதம் கருத்தரிப்பைத் தள்ளிவைக்க வேண்டும்.

தட்டம்மை-ரூபெல்லா ஊசி மருந்து தூளாக வரும். கலந்த நேரத்தைக் குப்பியின் மேல் எழுதுவார்கள். நான்கு மணி நேரம் கடந்தால் கிருமி பெருகி விபரீதமாகும், தூக்கிப்போட வேண்டியதுதான். புதன்கிழமை ஊசி போடப் போகும்போது அந்த நேரத்தைக் கேட்கத் தயங்காதீர்கள். அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். பிறகு கண்ணிலோ உடம்பிலோ சந்தேகம் வந்தால் தடுப்பூசி அட்டையோடு போய், ஊசி போட்ட தேதியையும் குறை தொடங்கிய தேதியையும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லிப் பதியச் சொல்லுங்கள்.