பின்னால் பட்டை ஏற்றினால் முன்னால் ஏன் ஆடுகிறது?

"லோடு ஏத்திட்டுப் போறப்ப நேரா போகுது அண்ணாச்சி. எறக்கிட்டு வெறும் வண்டியா வாரப்பதான் ரோட்டுல நிக்க மாட்டேங்கு."

களக்காட்டுப் பக்கம் வாழைத்தார் ஏற்றும் பிக்கப் ஓட்டுநர் இப்படிச் சொன்னால், விவரமான மெக்கானிக் உடனே ஸ்டீரிங்கைக் கழற்ற மாட்டார். "பின்னால பட்டை எதுவும் சேத்தீராவே?" என்று கேட்பார். பட்டை என்றால் லீஃப் ஸ்பிரிங்: பாரம் தாங்க அடுக்கடுக்காக வைத்துக் கட்டிய வளைந்த இரும்புத் தகடுகள். ஆடுவது முன்பக்கம், கேட்பது பின்பக்கம். ஆனாலும் கேள்வி சரிதான்.

சைக்கிளின் முன் ஃபோர்க்கைப் பாருங்கள். செங்குத்தாக இருக்காது; மேல்பகுதி ஓட்டுபவர் பக்கம் சாய்ந்திருக்கும். ஹேண்டில்பார் திரும்பும் அச்சைத் தரைவரை ஒரு கோடாக நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் போய் விழும். டயர் அந்தப் புள்ளிக்குப் பின்னால் இழுபட்டு வருவதால், எந்தப் பக்கம் திரும்பினாலும் மறுபடி நேராகவே பார்க்கும். பிக்கப்பின் முன்சக்கரம் திரும்பும் அச்சும் இதேபோல் சில டிகிரி பின்னால் சாய்ந்திருக்கும். இதற்குக் கேஸ்டர் கோணம் என்று பெயர். வளைவு முடிந்ததும் ஸ்டீரிங் கைக்குள் தானாக நழுவி நேராவது பெரும்பாலும் இதன் வேலை.

பாரம் கூட ஏற்றலாம் என்று பின்னால் இரண்டு பட்டை சேர்க்கிறோம். பின்பக்கம் 5 செ.மீ. உயர்கிறது. முன், பின் சக்கரங்களுக்கு நடுவே 3 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், வண்டி மொத்தமும் ஏறத்தாழ 1 டிகிரி முன்னால் குனியும். கேஸ்டரிலும் அந்த 1 டிகிரி போய்விடும். இருந்ததே 2 அல்லது 3 டிகிரி என்றால் இது சின்ன இழப்பில்லை. ஸ்டீரிங் லேசாகிவிடும், ஆனால் நடு இடம் எதுவென்று கைக்குத் தெரியாது. தார் ஏற்றியதும் பின்பக்கம் அமுங்கி, மூக்கு நிமிர்ந்து, கேஸ்டர் திரும்பி வந்துவிடும். லோடில் நேராகப் போகும் ரகசியம் அவ்வளவுதான். இரவில் வெறும் வண்டியின் ஹெட்லைட் முன்னைவிடக் கிட்டத்தில் விழுகிறதா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

அப்புறம் ஷாக் அப்சார்பர். பட்டையைக் கூட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஷாக்கை அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஸ்பிரிங் விறைப்பானால் அதன் துள்ளலை அடக்கப் பழைய ஷாக்குக்குப் பலம் போதாது. அதோடு, உயரம் கூடியதால் அது நிற்கும் நிலையிலேயே முக்கால்வாசி நீண்டிருக்கும். சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது ஷாக் முழுதும் நீண்டு 'டக்' என்று முட்டும். சக்கரமோ தரையைத் தொட்டும் தொடாமலும் போகும். தரையைத் தொடாத டயருக்குப் பிடிப்பு ஏது?

தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வீசும் மாதங்களில், காவல்கிணறு, பணகுடிப் பக்கம் நான்குவழிச் சாலையில் இன்னொரு கோளாறு வெளிப்படும். பட்டையின் முன்முனை சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், ஒரே இடத்தில் பிடித்திருக்கும். பின்முனை ஷாக்கிள் என்ற ஆடும் இணைப்பில் முன்னும் பின்னும் நகரும். அதனால் ஆக்சில் (இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் தண்டு) நேராக ஏறி இறங்காது, முன்முனையை மையமாக வைத்து வட்டமாக நகரும். பட்டையின் வளைவு கூடிவிட்டால், அமுங்கும் பக்கத்துச் சக்கரம் சற்றுப் பின்னாலும் எழும்பும் பக்கத்துச் சக்கரம் சற்று முன்னாலும் போகும். உயரமான கூண்டு கட்டிய வண்டியைக் காற்று ஒருபக்கம் சாய்த்ததும் பின் ஆக்சிலே கொஞ்சம் திரும்பிவிடும். ஸ்டீரிங்கை யாரும் தொடவில்லை, வண்டி மட்டும் விலகுகிறது. ஓட்டுநர் மறுபக்கம் ஒடிப்பார், அது அதிகமாகிவிடும், திரும்பவும் ஒடிப்பார்.

லோடு ஏற்றினால்தான் ஆடுகிறது என்றால் கதை வேறு. பாடியைப் பின்னால் நீட்டியிருப்பார்கள். பின் ஆக்சிலுக்கு 1 மீட்டர் பின்னால் 200 கிலோ வைத்தால், 3 மீட்டர் வண்டியில் முன்சக்கரங்களிலிருந்து சுமார் 67 கிலோ பாரம் குறையும், பிடிப்பும் அதோடு குறையும். பிரேக் பிடிக்கும்போதும் பள்ளத்திலும் ஸ்டீரிங் கையைப் பிடுங்குகிறதா? வெளியே துருத்தும் அகல வீல் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். பார்க்க கம்பீரமாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டயர், திரும்பும் அச்சை விட்டு விலக விலக, ஒவ்வொரு குலுக்கலும் நீண்ட நெம்புகோலில் ஸ்டீரிங்குக்கு வரும்.

சோதிப்பதைச் செலவில்லாததிலிருந்து தொடங்குவது நல்லது. காலையில் டயர் சூடாவதற்கு முன் காற்றழுத்தம் பாருங்கள். முழு லோடுக்கு அடித்த காற்றோடு வெறும் வண்டியை ஓட்டினால் பின்பக்கம் துள்ளத்தான் செய்யும். பிறகு டேப் பிடித்து இரண்டு பக்கமும் முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம்வரை அளக்க வேண்டும். ஒருபக்கம் கூடுதலாக இருந்தால், பட்டை மாற்றும்போது அடுக்கின் நடுவே போகும் சென்டர் போல்ட் சரியாக உட்காரவில்லை அல்லது பட்டையை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட் தளர்ந்து ஆக்சில் நகர்ந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். அதன்பின் ஒருவர் ஸ்டீரிங்கை ஆட்ட, இன்னொருவர் கீழே படுத்து, ஸ்டீரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கடத்தும் டை ராட் முனைகளிலும், மூட்டுகளில் உள்ள புஷ்களிலும் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்கட்டும்.

அலைன்மெண்ட் கடையில் பலநேரம் டோவை (மேலிருந்து பார்த்தால் முன்சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவை) மட்டும் சரிசெய்து அனுப்பிவிடுவார்கள். கேஸ்டரையும் அளந்து தாளில் கேட்டு வாங்குங்கள், அதுவும் வண்டி காலியாக இருக்கும்போது. குறைந்திருந்தால், முன்னாலும் பட்டையின் மேல் ஒரே முழு ஆக்சில் உள்ள வண்டிக்குப் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே சரிவான ஆப்புத் தகடு வைத்து மீட்கலாம். சேர்த்த பட்டையில் ஒன்றைக் கழற்றுவது அதைவிட மலிவு. எதைச் செய்தாலும் சில நாள் ஓடியபின் யூ போல்ட்டை இன்னொரு முறை முறுக்கிவிட வேண்டும்; புதிதாக அடுக்கிய பட்டைகள் படிந்து உட்காரும்போது அது கட்டாயம் தளரும்.