குழந்தைக்கு எந்த சீட் என்று ஏறிய பிறகு கேட்காதீர்கள்

குழந்தையின் அழுகையும் வாந்தியும் சிந்திய பாலும் விமானப் பணியாளர் வேலையில் சேர்ந்தவைதான். அதற்கெல்லாம் எனக்குக் கோபம் வராது. ஒன்றைப் பார்த்தால் மட்டும் பொறுமை போய்விடுகிறது: மடியில் இருக்கும் குழந்தையையும் தன்னோடு சேர்த்து ஒரே பெல்ட்டைப் போட்டு, மேலே போர்வையால் மூடிக்கொள்வது. போன வாரமும் இதே கதை. கழற்றச் சொன்னால், "என் கையைவிடப் பத்திரமான இடம் எது?" என்கிறார்கள்.

கை நிற்காதுங்க. தினமும் உடற்பயிற்சி செய்கிற கையும் நிற்காது. விமானம் சட்டென்று நிற்கும்போது எடையைப்போல் 9 மடங்கு விசை வந்தால், 10 கிலோ குழந்தை 90 கிலோவாக இழுக்கும். ஒரே பெல்ட்டுக்குள் இருவரும் இருந்தால் இன்னும் மோசம். முன்னால் சாயும் உங்கள் உடம்பின் பாரம் மொத்தமும் குழந்தையின் வயிற்றில் இறங்கும். பாசத்தை யாரும் குறை சொல்லவில்லை, பலத்தைப் பற்றித்தான் பேசுகிறேன். 1989-இல் அமெரிக்காவின் சூ சிட்டியில் யுனைடெட் 232 விமானம் விழுந்தபோது மடிக்குழந்தைகள் 4 பேர் இருந்தார்கள். ஒரு குழந்தை பிழைக்கவில்லை. குழந்தைக்குத் தனி சீட் வேண்டும் என்று அந்நாட்டு விபத்து விசாரணை வாரியம் இன்றுவரை வலியுறுத்துகிறது.

2 வயது வரை மடியில் வைத்துக்கொள்ளப் பெரும்பாலும் விதி இடம் தருகிறது. கையில் காசு இருந்தால் அந்தச் சலுகையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். தனி சீட் எடுத்து, விமானத்தில் பயன்படுத்தலாம் என்று முத்திரை உள்ள, குழந்தைக்கான கார் சீட்டை ஜன்னலோரம் கட்டுங்கள். வேறு இடத்தில் கட்டினால் மற்றவர் வெளியேறும் வழி அடைபடலாம். கார் சீட்டின் அகலத்தை வீட்டிலேயே அளந்துவிடுங்கள். மடிதான் என்றால், குழந்தைக்கான கூடுதல் பெல்ட்டைப் பல நிறுவனங்கள் தரும். கேட்டு வாங்கி உங்கள் பெல்ட்டில் கோத்துத் தனியாகப் போடுங்கள். தனி சீட்டுக்கு அது ஈடாகாது.

குழந்தைக்குத் தனி சீட் இருந்தால் நடைபாதை ஓரத்தில் நீங்கள் உட்காருங்கள், குழந்தையை உட்கார்த்தாதீர்கள். மடிக்குழந்தையோடும் அங்கே வேண்டாம். வண்டி தள்ளும்போது நீட்டிக்கொண்டிருக்கும் பிஞ்சுக் கால் எங்கள் கண்ணில் படாது. சூடான டீ அந்தத் தலைக்கு மேலேதான் கைமாறும். மேலே உள்ள பெட்டியிலிருந்து சாமான் நழுவினாலும் அங்கேதான் விழும்.

முன்வரிசையில் குழந்தை தூங்க மாட்டித் தரும் தொட்டில் கிடைத்தால் ஏதோ பரிசு விழுந்த மாதிரி சந்தோஷப்படுகிறார்கள். விமானம் மேலே ஏறும்போதும் தரையிறங்கும்போதும் பெல்ட் விளக்கு எரியும்போதும் குழந்தையை அதிலிருந்து தூக்கியாக வேண்டும், தூங்கினாலும். எழுப்பச் சொன்னதற்கு எங்களை முறைக்காதீர்கள். அந்த வரிசையில் காலடியில் பையும் வைக்க முடியாது, கைப்பிடியும் பெரும்பாலும் மேலே தூக்க வராது. அவசர வழி வரிசையைக் கேட்கவே வேண்டாம்.

இரட்டைக் குழந்தைகளா? சேர்ந்தாற்போல் உள்ள 3 சீட்டுக்குப் பொதுவாக 4 ஆக்சிஜன் முகமூடிகள்தான். 3 பெரியவர்களோடு இரண்டு மடிக்குழந்தைகள் என்றால் 5 பேர், அதனால் இருவரையும் அங்கே உட்கார விடமாட்டோம். ஒரு குழந்தையோடு எதிர்ப்பக்கம் போகச் சொன்னால் அது பிடிவாதம் இல்லை, மூச்சு சம்பந்தப்பட்டது.

டிக்கெட் எடுக்கும்போதே குழந்தையின் பெயரைச் சேருங்கள், எல்லோரையும் ஒரே பதிவில் போடுங்கள், பக்கத்துப் பக்கத்து சீட்டை அப்போதே பிடியுங்கள். கிளம்புவதற்கு முந்தைய நாள் சீட் எண்களை இன்னொரு முறை பாருங்கள். விமானத்தை மாற்றியிருந்தால் உங்கள் சீட்டும் மாறியிருக்கும்.