முன் டிபரன்ஷியலில் ஆயில் எங்கிருந்து கசிகிறது?

நான்கு சக்கர இயக்கம் கொண்ட பிக்கப் வண்டியில், எஞ்சினின் சுழற்சியை இரு முன்சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பற்சக்கரப் பெட்டியான முன் டிபரன்ஷியல் அமைந்திருக்கும் இடமே கசிவைக் கண்டுபிடிப்பதைக் கடினமாக்குகிறது. டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் போன்று முன்சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டிகளில், பட்டறைக்காரர்கள் ‘கிரவுன்’ என்று சொல்லும் இந்தப் பகுதி எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான ஆயில் சம்பை ஒட்டி, ரப்பர் புஷ்கள் வைத்துச் சேஸியோடு பிணைக்கப்பட்டிருக்கும். எஞ்சினில் ஆயில் வழிந்தால் அது கடைசியில் வந்து சொட்டுவது பெரும்பாலும் இதன்மேல்தான். வண்டி ஓடும்போது அடியில் பாயும் காற்று அதைப் பின்னோக்கி இழுத்து உறை முழுவதும் பூசிவிடும்; அதன்மேல் புழுதி ஒட்டிக் கறுத்த அடையாகிவிடும். ஆகவே பட்டறைக் குழியான பிட்டில் இறங்கி நிமிர்ந்து பார்ப்பவர் காண்பது ஆயில் வந்து சேர்ந்த இடத்தையே தவிர, அது புறப்பட்ட இடத்தை அல்ல.

முதலில் அது எந்த ஆயில் என்று உறுதிசெய்ய வேண்டும். இதற்குப் பெரும்பாலும் மூக்கே போதும். அதற்கு வேதியியல் காரணம் உண்டு. டிபரன்ஷியலில் பொதுவாக இருப்பவை ஹைப்பாய்டு வகைப் பற்சக்கரங்கள். அவற்றில் பினியன் எனும் சிறு பற்சக்கரத்தின் அச்சு, அது சுழற்றும் பெரிய பற்சக்கரமான கிரவுன் சக்கரத்தின் அச்சைச் சந்திக்காமல் சற்று விலகிச் செல்வதால், பற்கள் உருள்வதோடு கடும் அழுத்தத்தில் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கவும் செய்கின்றன. அந்த அழுத்தத்தை வெறும் ஆயில் படலம் தாங்காது என்பதால், ஜி.எல்-5 தரக் கியர் ஆயிலில் கந்தகமும் பாஸ்பரசும் அடங்கிய சேர்மங்கள் கலக்கப்படுகின்றன. பற்கள் உரசிச் சூடேறும் புள்ளிகளில் அவை இரும்போடு வினைபுரிந்து மெல்லிய காப்புப் படலமாகப் படிகின்றன. கியர் ஆயிலுக்கே உரிய குமட்டும் நெடி இந்தக் கந்தகச் சேர்மங்களால் வருவது. சொட்டைப் பனியன் வேஸ்ட் துணியில் ஒற்றி முகர்ந்தவுடன் அது தெரிந்துவிடும்.

நிறமும் உதவும், ஆனால் நெடியளவுக்கு நம்பத்தக்கதல்ல. டீசல் எஞ்சினின் ஆயில் புகைக்கரி சேர்ந்து விரைவிலேயே கறுத்துவிடுவதால், தேன் நிறத்தில் ஒளி ஊடுருவும் சொட்டு எஞ்சினிலிருந்து வந்திருக்க வாய்ப்புக் குறைவு. சிவப்பாக இருந்தால் பவர் ஸ்டீயரிங்கையோ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையோதான் சந்தேகிக்க வேண்டும். கெட்டியான கறுப்புக் களிம்பு, ஆக்சில் சுழலும் தளத்தில் ஒரு வளையம்போல் சுற்றிலும் தெறித்திருந்தால், அது ஆக்சிலின் உள்முனை ஜாயின்ட்டை மூடும் ரப்பர் உறையான பூட் கிழிந்து சிதறிய கிரீஸ். அந்த ஜாயின்ட், ஆக்சில் வெளியே வரும் இடத்தில் ஆயிலை அடைக்கும் ரப்பர் வளையமான சீலை ஒட்டியே இருப்பதால், பூட் செய்த குற்றத்துக்குச் சீல் மாற்றப்படுவது பட்டறைகளில் அரிதான செய்தியன்று.

அடுத்து, ஆயில் மட்டம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சூடு தணிந்தபின் ஆயில் ஊற்றும் பிளக்கைக் கழற்றினால், பெரும்பாலான வண்டிகளில் ஆயில் அந்தத் துளையின் கீழ்விளிம்பை ஒட்டி நிற்க வேண்டும். அடிப்பகுதி முழுவதும் நனைந்திருந்தும் மட்டம் குறையவில்லை என்றால், கசிவு வேறு எங்கோ இருக்கிறது அல்லது இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. இந்த வகை முன் டிபரன்ஷியலில் கொள்ளளவு பொதுவாக 1 முதல் 2 லிட்டருக்குள்தான் என்பதால், சில நூறு மில்லிலிட்டர் போனாலே பினியனின் வெளிமுனைப் பேரிங்குக்கு ஆயில் சரியாக எட்டாமல் போகலாம். விரலில் வரும் ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால், கசிவோடு இன்னொரு விஷயமும் சேர்ந்திருக்கிறது: உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது.

இவற்றுக்குப் பிறகுதான் தேடல். பழைய அடையைச் சுரண்டி, பிரேக் கிளீனரால் துடைத்து, முழுவதும் உலரவிட்டு, சந்தேகமான மூட்டுகளில் முகப்பவுடரை மெல்லத் தூவி, 20 அல்லது 30 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால், பவுடர் முதலில் நனைந்த இடம் தனியாகத் தெரியும். பட்டறைகளில் கியர் ஆயிலோடு சிறிதளவு ஒளிரும் சாயம் கலந்து, புற ஊதா விளக்கில் பார்ப்பதும் உண்டு. எந்த முறையானாலும் விதி ஒன்றே: நனைந்த பகுதிகளில் மிக உயரத்தில் இருப்பதும் மிக முன்னால் இருப்பதும் எதுவோ, அதுவே புறப்பட்ட இடத்துக்கு நெருக்கமானது. கழுவும்போது அதிவேக நீர்ப்பீச்சை சீல்களுக்கு நேராகக் காட்டினால் சேற்றை உள்ளே தள்ளுவதாகத்தான் முடியும்.

புறப்படும் இடங்கள் பல இல்லை. ஆயிலை வடிக்கும் டிரெயின் பிளக்கின் பழைய நசுங்கு வாஷரையே மறுபடியும் போட்டிருக்கலாம். அது சின்ன விஷயம். இரண்டு உறைப் பகுதிகள் சேரும் மூட்டில் பூசிய சிலிக்கோன் பேஸ்ட் பெயர்ந்திருக்கலாம். மற்றபடி தண்டுகள் வெளியே வரும் மூன்று சீல்களே முக்கியமானவை: இரு பக்க ஆக்சில்களுக்கு இரண்டு, பினியனுக்கு ஒன்று.

ஆயில் சீல் தண்டை இறுக்கிப் பிடித்து அடைப்பதாகத்தான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் சுழலும் தண்டுக்கும் ரப்பர் இதழுக்கும் இடையே மிக மெல்லிய ஆயில் படலம் எப்போதும் இருக்கிறது; இல்லாவிட்டால் இதழ் கருகிவிடும். இதழின் இரு பக்கச் சரிவும் சமமாக இல்லாததாலும், தொடும் விளிம்பிலுள்ள நுண்ணிய மேடுபள்ளங்கள் சுழற்சியில் சாய்வதாலும், அந்த ஆயில் தொடர்ந்து உட்பக்கம் நோக்கியே தள்ளப்படுகிறது. அதாவது நல்ல சீல் ஒரு குட்டிப் பம்பு. வெப்பத்தால் ரப்பர் விறைத்து அந்த விளிம்பு வழவழப்பாகும்போதும், புழுதி புகுந்து தண்டில் பள்ளம் தேய்க்கும்போதும் இந்த வேலை நின்றுவிடுகிறது. தண்டின்மேல் நகத்தைக் குறுக்கே ஓட்டினால் தடுக்கும் அளவுக்குப் பள்ளம் இருந்தால், புதுச் சீலை அதே இடத்தில் அடிப்பதில் பயனில்லை. சற்று ஆழம் மாற்றிப் பொருத்தவோ தண்டுக்கு மெல்லிய உறையிடவோ வேண்டும்.

மூன்றில் எது முதலில் தேயும் என்பது வண்டியின் அமைப்பைப் பொறுத்தது. தேவைப்படும்போது மட்டும் முன்சக்கரங்களை இயக்கி, மற்ற நேரத்தில் ஒரு பக்க ஆக்சிலைத் துண்டித்துவிடும் ஏற்பாடு உள்ள வண்டிகளில், இரு சக்கர இயக்கத்தில் ஓடும்போது பினியனும் கிரவுன் சக்கரமும் அசைவதில்லை. ஆனால் ஆக்சில் முனைகள் சக்கரங்களோடு சுழன்றுகொண்டே இருக்கின்றன. எனவே தார்ச்சாலையிலேயே காலம் கழிக்கும் வண்டியில் பக்கச் சீல்களையே முதலில் பார்ப்பேன். சஸ்பென்ஷனை உயர்த்திய வண்டியில் இந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கும். ஆக்சிலின் கோணம் கூடுவதால் அதைத் தாங்கும் பேரிங் ஒருபக்கமாகத் தேய்கிறது. உள்முனை ஜாயின்ட்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டும்போது அளவுக்கு மீறிய ஆட்டம் இருந்தால், சீலை மாற்றினாலும் கசிவு திரும்ப வரும்.

எல்லாச் சீல்களும் ஒரே காலத்தில் வியர்க்கத் தொடங்கினால் காரணம் பெரும்பாலும் சீல்களில் இல்லை, உறைக்குள் காற்று போய்வர வைத்த குழாயான ப்ரீதர் அடைபட்டதில் இருக்கிறது. மூடிய உறைக்குள் 30 டிகிரி செல்சியசில் இருந்த காற்று 90 டிகிரிக்குச் சூடானால், அதன் தனிவெப்பநிலை 303 கெல்வினிலிருந்து 363 கெல்வினாக உயர்கிறது. அழுத்தமும் அதே விகிதத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. ஆயிலும் விரிந்து காற்றுக்கான இடத்தைக் குறைப்பதால் இது இன்னும் சற்று ஏறும். உள்ளும் புறமும் அழுத்தம் சமமாக இருக்கும் என்று நம்பிச் செய்யப்பட்ட மெல்லிய இதழ் இதைத் தாங்காமல் ஆயிலை வெளியே விடுகிறது. ப்ரீதர் குழாயை அடைப்பது சேறாக இருக்கலாம், குளவி கட்டிய மண்கூடாகவும் இருக்கலாம். ஓட்டி வந்தபின் பிளக்கை மெதுவாகத் தளர்த்தும்போது ‘உஸ்’ என்று காற்று வெளியேறினால் அதுவே சான்று. எதிர்த்திசையிலும் இது நடக்கும்: சூடான டிபரன்ஷியல் ஓடைநீரில் இறங்கியவுடன் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். முன்னர்ச் சொன்ன வெளுத்த ஆயிலுக்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

பினியன் சீலில் கசிவு உறுதியானால், பினியனைச் சுழற்றும் நீண்ட தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டு, அது பூட்டப்படும் தட்டான பினியனின் ஃபிளேஞ்சைப் பிடித்து ஆட்டிப் பார்த்த பிறகே சீலைத் தொட வேண்டும். ஆட்டம் இருந்தால் பேரிங்கே போயிருக்கிறது. ஆட்டம் இல்லையென்றாலும் ஒரு கவனம் தேவை: பல வண்டிகளில் ஃபிளேஞ்சைப் பூட்டும் நட்டின் இறுக்கம்தான், உள்ளிருக்கும் நசுங்கு உருளை வழியாக, பேரிங்குகள் ஆட்டமில்லாமல் நிற்க முன்கூட்டியே தரும் அழுத்தமான முன்சுமையைத் தீர்மானிக்கிறது. ஏர் கன் வைத்து ஒரே அழுத்தாக அழுத்தினால் உருளை தேவைக்கு மேல் நசுங்கிவிடும், பேரிங் சூடேறும், புதுச் சீல் அந்தச் சூட்டிலேயே கருகும். கழற்றுவதற்கு முன் நட்டின் நிலையைக் குறித்துக்கொண்டு, ஃபிளேஞ்சைச் சுழற்ற எவ்வளவு முறுக்குவிசை தேவைப்படுகிறது என்பதை அளந்து வைத்து, திரும்பப் பூட்டும்போது தயாரிப்பாளரின் கையேடு சொல்லும் அளவோடு ஒப்பிட்டுச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும்.