சொல் விளக்கம்: பவர் எஞ்சினியர்

களுவாஞ்சிக்குடியில் அக்கா இருக்கும் பக்கம் கரண்ட் போனால், அயலவர்கள் அவரைத்தான் கூப்பிடுவார்கள். "மகன்ட்ட ஒருக்கா கேளுங்ககா, எப்ப வருமாம்?" பகிடிதான். ஆனால் அதில் பாதி உண்மையும் இருந்தது. மகன் கனடாவில், அல்பேர்ட்டா மாகாணத்தில் பவர் எஞ்சினியரிங் படிக்கிறான். பவர் என்றால் கரண்ட், அப்படியானால் அவன் கரண்ட் எஞ்சினியர். அக்காவே முதலில் ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

அக்காவின் மகன், என் மருமகன், படிப்பது மின்சாரம் பற்றியல்ல. கொதிகலன்களையும், அவற்றை வைத்துக் கட்டடங்களைச் சூடாக்கும் நிலையங்களையும் ஓட்டுவதற்கான படிப்பு அது. அப்புறம் ஏன் பவர் என்று பெயர்?

ஆங்கிலத்தில் பவர் என்ற சொல்லின் வேர் லத்தீன். 'இயலுதல்' என்பதுதான் அடிப்படைப் பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் ஆட்சி, அதிகாரம், பலம் என்று விரிந்தது. நீராவி எந்திரங்கள் வந்த காலத்தில் ஆலையை ஓட்டும் பலம் நீராவிதான். ஜேம்ஸ் வாட் அதைக் குதிரையோடு ஒப்பிட்டு அளந்தார். வீட்டுக்கு வீடு மின்சாரம் வந்தது பிறகுதான். மறுகா அந்தச் சொல்லை மின்சாரம் தனக்கென்று எடுத்துக்கொண்டது. கொதிகலன்காரர்கள் மட்டும் பழைய பெயரை விடவில்லை.

நம் இலங்கைப் பாடப் புத்தகங்களில் பவருக்கு 'வலு' என்று போட்டிருக்கிறார்கள். குதிரைக் கணக்கு 'பரிவலு'. தமிழ்நாட்டில் இதே பொருளுக்குத் 'திறன்', 'குதிரைத்திறன்' என்பார்கள். எனக்கு வலுதான் பிடித்தது, ஊர்ப் பாசத்தால் மட்டுமல்ல. வல், வல்லவன், வல்லமை எல்லாம் 'இயலுதல்' என்ற பொருளில் நிற்பவை. லத்தீன் வேருக்கும் இதற்கும் உறவு ஒன்றும் இல்லை, ஆனாலும் கருத்து அப்படியே பொருந்துகிறது.

எஞ்சினியர் என்ற சொல் முதலில் குறித்தது போர்க் கருவி செய்பவரை. கோட்டையை உடைக்கவும் காக்கவும் பொறி அமைத்தவர் அவர். நம் 'பொறி'யும் கோட்டை மதிலில் நின்ற சொல்தான். மதுரையின் அரணைச் சொல்லும்போது சிலப்பதிகாரம் 'மிளையும் கிடங்கும் வளைவிற் பொறியும்' என்று தொடங்குகிறது. தானே வளைந்து அம்பு எய்யும் பொறி என்று அதற்கு உரை சொல்வார்கள். எலிப்பொறியில் உள்ள பொறியும் இதுதான். ஆகவே பொறியியலாளர் என்பது நல்ல சொல். சிக்கல் வேறிடத்தில்: இலங்கையில் பொறியியலாளர் என்றதும் பல்கலைக்கழகப் பட்டம் நினைவுக்கு வரும். மருமகன் எடுப்பது பட்டம் அல்ல, இயக்குவதற்கான அனுமதிச் சான்றிதழ். 'வலுப் பொறியியலாளர்' என்று மொழிபெயர்த்தால் எழுத்துக்கு எழுத்து சரி, பொருளுக்குப் பிழை.

இனிப் பொயிலர். கோழிக்கடைக்காரர் சொல்லும் 'பொயிலர் கோழி'க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது புறொய்லர், வாட்டுவதற்கென்று வளர்ப்பது. பொயிலரின் வேரில் இருப்பது நீர்க்குமிழி. குமிழி விடுவதே கொதித்தல்.

தமிழில் கொதிகலன். கொதித்த, கொதிக்கின்ற, கொதிக்கும் கலன் என மூன்று காலத்தையும் அடக்கிய வினைத்தொகை, ஊறுகாய் போல. கலன் என்பது கலத்தின் மறு வடிவம், நிலம் நிலன் ஆவதுபோல. உண்கலன், அணிகலன், மரக்கலம் என்று சோற்றுப் பாத்திரத்திலிருந்து கப்பல்வரை இந்தச் சொல் சுமந்திருக்கிறது. கொதிப்பது நீர்தானே, கலன் எப்படிக் கொதிக்கும் என்று இலக்கணம் பேசலாம். ஆனால் 'உலை கொதிக்குது' என்றுதானே நாமும் சொல்கிறோம்?

உலை என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அரிசி போட வைத்த கொதிநீரும் உலை, கொல்லன் ஊதும் நெருப்பும் உலை. கொதிகலனுக்கு உள்ளே இருப்பவையும் இந்த இரண்டுதான்: ஒரு பக்கம் நெருப்பு, மறுபக்கம் நீர், நடுவே இரும்பு.

வாழைச்சேனை கடதாசி ஆலை, ஹிங்குராணை சீனி ஆலை போன்ற பெரிய இடங்களில் மட்டுமல்ல, அம்பாறைப் பக்கத்து நெல் மில்களிலும் பொயிலர் உண்டு. ஊறப்போட்ட நெல்லை அவிக்க நீராவி வேண்டும். எரிக்க உமி இருக்கிறது. சம்மாந்துறையில் ஒரு மில்லில் வயதான காக்கா ஒருவர், பொயிலருக்குள் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கும் இடத்தை எனக்குக் காட்டினார். பொயிலரின் பக்கவாட்டில் விரல் பருமனில் நிமிர்ந்து நிற்கும் ஒரு கண்ணாடிக் குழாய், மேலும் கீழும் பித்தளைத் திருகு. பாதியளவில் தண்ணீர் நின்றது. அவர் அடித் திருகைத் திறந்தார். சீறிக்கொண்டு எல்லாம் வெளியேறிக் குழாய் வெறுமையானது. மூடியதும் தண்ணீர் துள்ளி மேலேறிப் பழைய இடத்தில் நின்று ஆடியது. "இப்பிடிப் பாயணும் தம்பி. மெல்ல ஏறினா உள்ளே அடைப்பு. மறுகா கண்ணாடி பொய் சொல்லும்."

கனடாவில் வகுப்பில் படிப்பதும் இதைத்தான் என்றான் மருமகன். நீர்மட்டம் இறங்கினால் நெருப்புப் படும் இரும்பு நீர் இல்லாமல் சிவக்கும். அமுக்கத்தைத் தாங்கும் வலு அதற்குப் போய்விடும். அந்த நேரம் பயந்து குளிர்நீரைத் திறந்தால் நிலைமை இன்னும் மோசமாகலாம். ஒரு லீற்றர் தண்ணீர் சாதாரண காற்றமுக்கத்தில் ஆவியானால் ஏறக்குறைய 1,600 லீற்றருக்கு மேல் இடம் கேட்கும். 1905 மார்ச் 20 அன்று அமெரிக்காவின் புரொக்டன் நகரில் ஒரு சப்பாத்துத் தொழிற்சாலையின் கொதிகலன் வெடித்து 58 பேர் இறந்தார்கள். கொதிகலன் சட்டங்கள் இறுகியதற்கு அது ஒரு பெரிய காரணம். அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தின் கொதிகலன் விதித்தொகுப்பு 1915இல் வெளியானது. யாரும் வந்து திருகைத் திருப்பலாம் என்று விட முடியாத வேலை இது.

அதனால்தான் அல்பேர்ட்டாவில் இதற்கு ஐந்து படிகள். ஐந்தாவது அடி, முதலாவது உச்சி. நான்காவதற்கு இரண்டு வினாத்தாள்கள், ஒவ்வொன்றிலும் 65 புள்ளி வேண்டும். சோதனை பாஸ் பண்ணினாலும் சான்றிதழ் உடனே கைக்கு வராது. ஓடும் கொதிகலனுக்குப் பக்கத்தில் குறித்த காலம் வேலை செய்து காட்ட வேண்டும். அதை அங்கே 'ஸ்டீம் டைம்' என்பார்களாம். தமிழில் 'உலைக்காலம்' என்று சொல்லிப் பார்த்தேன், மோசமில்லை.

போன மாதம் அவன் கோல் எடுத்து, "அம்மா, ஃபோர்த் கிளாஸ் பாஸ்" என்றான். பக்கத்தில் இருந்த ஆச்சி கேட்டார்: "இவ்வளவு செலவழிச்சுப் போய் நாலாம் வகுப்பா?" சரி, வகுப்பு என்ற சொல் இங்கே உதவாது. தரம் என்று போட்டாலும் நம் பள்ளிக்கூடத் தரம் நான்குதான் முன்னால் வந்து நிற்கும். 'நான்காம் நிலை' என்பதே பொருத்தம்.

ஆக, என் தீர்ப்பு: பவர் எஞ்சினியருக்குக் 'கொதிகலன் இயக்குநர்', மருமகனுக்கு 'நான்காம் நிலைக் கொதிகலன் இயக்குநர்'. இயக்குநர் என்றதும் சினிமா ஞாபகம் வந்தால் வரட்டும், முன்னால் கொதிகலன் நிற்கிறது. அமெரிக்காவில் இதே வேலைக்கு 'ஸ்டேஷனரி எஞ்சினியர்' என்ற பெயரும் உண்டு. ரயிலைப் போல ஓடாமல் ஓரிடத்தில் நிற்கும் எந்திரத்தைப் பார்ப்பவர் என்பது கருத்து. அதைக் கேட்டால் நம் ஊரில் கொப்பி, பென்சில் விற்பவர் என்பார்கள். அந்தப் பெயரைத் தொடாமல் விடுவது நல்லது.

மிச்சம் இருப்பது ஹீற்றிங் பிளான்ட். வெப்பமூட்டு நிலையம் என்று எழுதலாம், தவறில்லை. ஒரே இடத்தில் நீரைச் சூடாக்கி, குழாய் வழியாக ஆஸ்பத்திரி, பல்கலைக்கழகம் என்று பல கட்டடங்களுக்கு அனுப்பும் இடம் அது. சித்திரை வெயிலில் திண்ணையில் விசிறியோடு இருந்த அக்காவுக்கு அதை விளங்கப்படுத்தப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வீட்டைச் சூடாக்க ஒரு ஆலையா என்று இரண்டு தரம் கேட்டார். உலையை வைத்துச் சொன்ன பிறகுதான் பிடிபட்டது.

அடுத்த தரம் கரண்ட் போனபோது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வழக்கமான கேள்வி வந்தது. அக்கா சொன்ன பதில்: "அவன் கரண்ட் வேலை இல்லகா. அங்க ஊருக்கே உலை வைக்கிறான்."

வேலிக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.